எடை போடாத காசு

மார்ச் 3

தம்பி,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை போகவில்லை, விட்டுவிட்டேன்.

இது உன் சிநேகிதன் அந்த லாரி டிரைவர் மூலமாக உனக்கு வரும். நீ எங்கே இருக்கிறாய் என்று அவனிடம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். “சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்க்கா, லெட்டர் குடுங்க, சேர்த்துடறேன்” என்கிறான். போனில் பேசலாம் என்றால் உன் நம்பர் செத்துக் கிடக்கிறது. என் போனும் மாமாவின் போனும் போலீஸ் ஸ்டேஷன் பீரோவில் இருக்கின்றன.

என் வீட்டுக்காரர், உன் மாமா, இன்னும் ஜெயிலுக்குள்ளேதான் இருக்கிறார். இரண்டாவது ஜாமீன் மனுவும் தள்ளுபடி. மாஜிஸ்ட்ரேட் கேட்பது ஒரே கேள்விதான். இந்தக் காசுக்கு முலாம் போட்டது யார், உன் கைக்கு எப்படி வந்தது? மாமாவும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார். “சில்லறையில வந்துச்சு. யாரு குடுத்தான்னு ஞாபகம் இல்லை.” எந்தக் காசு எந்த வருஷம் யார் கையிலிருந்து வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனுஷனுக்கு இப்போது மறதி வந்திருக்கிறது. அது யாருக்காக வந்த மறதி என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ அந்தக் காசைக் கொண்டுவந்த அன்று நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பழங்காசு வாங்கி விற்கிற அவருக்குக் கடைத்தெருவில் பேரே ‘தராசு’. எடை போடாமல் ஒரு செல்லாக்காசைக்கூட வாங்கியவர் இல்லை. அன்றைக்குத் தராசின் மேல் மூடியிருந்த பச்சைத் துணியை அவர் தொடவே இல்லை. நான் கண்ணால் கேட்டேன். “வீட்டு ஆள் குடுக்கிறதையும் எடை போட்டா அப்புறம் வீடு எதுக்கு?” என்று சிரித்தார்.

வெள்ளையாக இருக்க வேண்டிய பெரிய காசு, மஞ்சளாக இருந்தது. நாணயசாலையில் சின்னக் காசுக்கான மஞ்சள் வில்லை ஒன்று தப்பிப் போய்ப் பெரிய காசின் அச்சுக்குள் விழுந்திருக்கிறது, இது காசு சேர்ப்பவர்கள் பெரிய விலை கொடுக்கிற அசல் எரர் காசு என்று நம்பித்தான் ஒரு ரிட்டயர்டு இன்ஜினியருக்கு விற்றார். இன்ஜினியர் போய் எதிர்க்கடைக்காரனிடம் காட்டினார். அவன் நல்ல வார்த்தையா சொல்வான்? “மேல மஞ்சள், உள்ள வெள்ளை, முலாம் சார்” என்றான். மறுநாள் போலீஸ் வந்தது. நகைக்கடை மதிப்பீட்டாளர் ஒருவர் சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டார். வெள்ளைக் காசு ஒன்பது கிராம்தான் இருக்க வேண்டும், இது ஒன்பதே கால் இருக்கிறது, கூடுதலாக இருப்பது மேலே ஏறிய முலாம் என்று.

நீ வேலை பார்த்தது முலாம் பட்டறை. கவரிங் வளையலையும் குழாய் மூடியையும் மஞ்சள் தொட்டியில் முக்கி எடுக்கிற கை உன் கை. எனக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மாமாவுக்கு உள்ளே மூச்சு இழுப்பு வந்திருக்கிறது. அவர் அறைச் சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கிறதாம். இழுப்பு மருந்தைக் கொண்டுபோனேன். டாக்டர் சீட்டு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வந்து சொல்லு. “நான்தான் போட்டேன், அவருக்குத் தெரியாது.” அவ்வளவுதான் நான் உன்னிடம் கேட்பது.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

நான் ஓடிப் போகவில்லை. நீ என் பையைத் தூக்கி வாசலில் எறிந்து கதவைச் சாத்தினாய். அதற்குப் பேர் ஓடிப்போவது என்றால் சரி, ஓடித்தான் போனேன்.

அந்தக் காசு எங்கே கிடைத்தது என்று அன்றைக்கே சொல்ல வந்தேன். நீ காதிலேயே வாங்கவில்லை. எழுத்தில் இருந்தால் பாதியில் நிறுத்தச் சொல்ல முடியாதல்லவா, அதனால் இப்போது எழுதுகிறேன். பட்டறையில் டீக் காசு போடுகிற டப்பா ஒன்று உண்டு. அன்றைக்கு டீ வாங்கப் போக வேண்டியது என் முறை. டப்பாவைக் கவிழ்த்து அள்ளிக்கொண்டு போனேன். டீக்கடைக்காரர் ஒரு காசை மட்டும் தள்ளிவிட்டார். “இது என்னப்பா கலரு, உங்க பட்டறைச் சரக்கை என்கிட்டயே தள்றியா?” என்றார். அப்போதுதான் நானே அதை உற்றுப் பார்த்தேன். எனக்கு உடனே மாமா ஞாபகம்தான் வந்தது. இப்படி ஒரு காசுக்காக அவர் எத்தனை வருஷமாகச் சில்லறை மூட்டைகளைக் கிளறிக்கொண்டிருக்கிறார்! நல்ல துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தேன். என் வாழ்க்கையில் யாருக்காவது நல்லது செய்ய நினைத்தது அந்த ஒரு தடவைதான். பலன் உடனே கிடைத்துவிட்டது.

நான் புளுகன்தான், மறுக்கவில்லை. லீவுக்காக வாத்தியார் செத்துப்போய்விட்டார் என்று வீட்டில் சொன்னேன். மறுநாளே அவர் நம் வீட்டுக்கு வந்து உன் கையால் டீ வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து நான் மழை வருகிறது என்றால்கூட நீ ஜன்னலைத் திறந்து பார்த்த பிறகுதான் கொடியில் இருக்கிற துணியை எடுப்பாய். ஆனால் அந்தக் காசுக்கு நான் முலாம் போடவில்லை அக்கா.

வந்து சொல் என்கிறாய். வந்து என்ன சொல்ல? முலாம் போடுகிறவன் ஒருவன், முலாம் பட்டறையின் டீ டப்பாவில் மஞ்சள் காசு கிடைத்தது என்று சொன்னால் இன்ஸ்பெக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கூடப் பிறந்த நீயே நம்பவில்லை.

ஒன்று மட்டும் செய். கோர்ட்டில் அந்தக் காசை லென்ஸ் வைத்துப் பார்க்க விடச் சொல்லிக் கேள். முலாம் ஏறிய காசில் எழுத்துகளின் முனை மழுங்கிப் போயிருக்கும், இடுக்குகளில் முலாம் சின்னச் சின்னக் கட்டியாகத் திரண்டு நிற்கும். மாமாவின் லென்ஸ் மேஜையின் இடது டிராயரில் இருக்கிறது.

இங்கே குழாய் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதே. கை இரண்டும் ஆசிட்டில் வெந்துபோயிருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

தம்பி


மார்ச் 17

தம்பி,

லென்ஸை எடுத்துக்கொண்டு போனேன். காசை பிளாஸ்டிக் கவரில் போட்டு, கம்பியால் அட்டை கட்டி, அரக்கு வைத்து சீல் பண்ணியிருக்கிறார்கள். கிளார்க் மேஜைக்கு அந்தப் பக்கம் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிட்டார். சீலை உடைக்க வேண்டுமென்றால் தனியாக மனுப் போட வேண்டும், அதற்குத் தேதி அடுத்த மாதம்தான் கிடைக்கும் என்கிறார் வக்கீல். அதுவரை மாமா தாங்குவாரா என்று நான் வாய்விட்டே கேட்டேன். அவர் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை.

நேற்று ஜெயிலில் மனுவுக்கு, அவரை நேரில் பார்க்க, விட்டார்கள். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அசைவதுதான் தெரிந்தது. பேச்சை விட மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. “பையனுக்கு எழுதினியா?” என்றார் முதலில். எழுதினேன் என்றேன். “அவனை இழுக்காதே” என்றார். அதற்குமேல் பேச முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டார். சாயங்காலமே ஜெயில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அதையும் வார்டன் யாரிடமோ சொல்லி, அது சுற்றிக்கொண்டு என் காதுக்கு வந்தது.

கடையைத் திறந்து வைத்திருக்கிறேன். பூட்டிக் கிடந்தால் குற்றம் உண்மைதான் என்று தெருவே பேசும். எனக்கு என்ன தெரியும் காசைப் பற்றி? வருகிறவர்கள் நீட்டுவதை வாங்கிப் பார்த்துவிட்டு ‘அவர் வந்ததும் வாங்க’ என்று அனுப்புகிறேன். எதிர்க்கடைக்காரன் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்து என்னையே பார்க்கிறான்.

டீ டப்பா கதையைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். இதில் எது நிஜம், எது நீ கட்டியது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. உண்மையோ பொய்யோ, அது இனிமேல் எனக்கு வேண்டாம்டா. அவர் உயிரோடு வீட்டுக்கு வருகிற மாதிரி என்ன சொல்ல முடியுமோ அதை வந்து சொல்லு. உன் காலில் விழுந்து கேட்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இல்லை. எல்லாவற்றையும் தாண்டிவிட்டேன்.

அவர் உள்ளே செத்துப்போனால் அதற்கப்புறம் நீ எனக்கு எந்தக் கடிதமும் எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

சரி.

உண்மை வேண்டாம் என்று எழுதிவிட்டாய். அப்படியானால் என் கையில் மிச்சம் இருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்த தொழில்தான். நல்ல பொய்க்கு இரண்டு விஷயம் வேண்டும். சொல்கிறவனுக்கு அது நஷ்டமாக இருக்க வேண்டும். கேட்கிறவன் கேட்காத ஒன்றை நாமே சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் யோசித்து வைத்திருக்கிறேன்.

சூப்பர்வைசரிடம் கணக்கு முடித்துக்கொண்டேன். நாளைக் காலை பஸ். வீட்டுக்கு வர மாட்டேன், நேராக ஸ்டேஷனுக்குத்தான் போவேன். நீ அங்கே வந்து நிற்காதே. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய் சரியாக வராது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

மாமாவுக்கு அந்த இழுப்பு மருந்தை எப்படியாவது கொடுத்துவிடு.

தம்பி


மார்ச் 26

தம்பி,

வராதே. உன் பதில் இன்னும் வரவில்லை; ஏற்கெனவே கிளம்பி வந்திருந்தால் வாயைத் திறக்காதே. இதை டிரைவர் கையில் கொடுக்கும்போதே ‘வழியில் எங்கேயும் நிற்காதேப்பா’ என்று கெஞ்சப் போகிறேன்.

இன்றைக்குக் காலையில் டீச்சரம்மா ஒருத்தர் பழைய காசு ஒன்றைக் கொண்டுவந்தார். எடையாவது சொல்லுங்கள் என்றார். கை பட்டால் கெட்டுப்போகும் என்று பயந்து, காசு இருந்த கவரோடேயே தராசில் வைத்துவிட்டேன். எடை எக்கச்சக்கமாகக் காட்டியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாமா கவரோடு எடை போட மாட்டார். அப்படிப் போட்டே ஆகவேண்டும் என்றால் முதலில் வெறும் கவரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிக்கொள்வார். இத்தனை வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு நாளும் மனசில் வாங்கியதில்லை.

கடையை அப்படியே விட்டுவிட்டு அந்த மதிப்பீட்டாளர் வீட்டுக்குப் போனேன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார். எப்படி எடை போட்டீர்கள் என்று கேட்டேன். “சீலை உடைச்சா நான்தான்மா உள்ள போகணும். குடுத்தபடியே வச்சுத்தான் பார்த்தேன்” என்றார். அரக்கு, அட்டை, கம்பி, கவர் எல்லாம் சேர்ந்துதான் ஒன்பதே கால்! அதே மாதிரி ஒரு கவரை நான் கடையில் கட்டிப் பார்த்தேன். அரக்குக்கு மெழுகு வைத்தேன். இரண்டு கிராம் வந்தது. இரண்டைக் கழித்தால் ஏழே கால்தான் மிச்சம்.

முலாம் போட்டால் காசின் எடை கூடுமே தவிரக் குறையாது. மாமா கடையில் மாட்டியிருக்கிற எடை அட்டையில் பார்த்தேன், சின்னக் காசின் மஞ்சள் வில்லை ஏழே கால் கிராம்தான்.

வக்கீலிடம் ஓடினேன். மறுபடியும் எடை போட மனுப் போடுகிறார். முறைப்படி எடை வரட்டும். வந்த பிறகு உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அதுவரை இருக்கிற இடத்திலேயே இரு.

அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உன் கடிதம் குழாய்க் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து டிரைவர் கைக்குத் திரும்பி, மனுவில் வந்து என் கைக்குச் சேர்ந்தது. மாமா இருந்த அதே பிளாக்கில்தான் என்னைப் போட்டிருக்கிறார்கள். சுவரில் ஈரம் இருப்பது நிஜம்தான்.

எப்படி நடந்தது என்று கேட்பாய். ரொம்பச் சுலபமாக நடந்தது. இத்தனை வருஷமாக உண்மை சொன்ன நேரத்தில் எல்லாம் யாராவது ஒருவர் புருவத்தைத் தூக்குவார்கள். அன்றைக்கு முழுப் பொய் சொன்னேன், ஸ்டேஷனில் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். நான்தான் செய்தேன், மாமாவை ஏமாற்றினேன் என்றேன். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்காத ஒன்றை நானே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன் இல்லையா, அதையும் சேர்த்தேன். காசை முதலில் ஆசிட்டில் ஊறவைத்து இளைக்கவிட்டு, அதற்கப்புறம்தான் மஞ்சள் தொட்டியில் போட்டேன் என்றேன். தொழில் தெரிந்தவன் பேச்சு மாதிரி இருக்கட்டும் என்று சொன்னது.

இப்போது உன் கடிதத்தைப் படிக்கிறேன். ஆசிட்டில் ஊறினால் எடை குறையும் அக்கா. நீ கண்டுபிடித்த ஏழே காலுக்கு நானே விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என் பொய் இவ்வளவு நன்றாக வந்தது இதுதான் முதல் தடவை.

மாமா வெளியே போன அன்று வராந்தாவில் எதிரெதிரே வந்தோம். அவரைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள், என்னை உள்ளே கூட்டி வந்தார்கள். மூச்சு வாங்க நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. “ஏண்டா பொய் சொன்ன?” என்றார்.

இந்த ஊரில் என் பொய்யைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான்.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

மாமா வீட்டில் இருக்கிறார். இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார். மூச்சு பரவாயில்லை. என்னோடுதான் பேசுவதில்லை. உனக்கு என்ன எழுதினேன் என்று கேட்டார், ஒளிக்காமல் சொன்னேன். “உண்மை வேண்டாம்னு எழுதினியா?” என்றார். அன்றோடு சரி. தண்ணீர் வேண்டும் என்றால்கூட டம்ளரை மேஜையில் தட்டுகிறார்.

நேற்று மாஜிஸ்ட்ரேட் முன்னால் சீலை உடைத்து எடை போட்டார்கள். ஏழே கால். வக்கீல் எழுந்து பேச ஆரம்பித்தார். அரசு வக்கீல் அவசரப்படவே இல்லை. உன் வாக்குமூலத்தை எடுத்து, ஆசிட் என்று இருக்கிற வரியை விரலால் காட்டி நிதானமாகப் படித்தார். எங்கள் வக்கீல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

என்னை லென்ஸ் வைத்துப் பார்க்க விட்டார்கள். பார்த்தேன் தம்பி. ஆசிட்டில் வெந்த காசு மாதிரி ஒன்றும் மழுங்கவில்லை. எழுத்தெல்லாம் வெட்டியது மாதிரி நிற்கிறது, இடுக்கில் கட்டி எதுவும் இல்லை. ஓரத்தில் இருக்கிற எழுத்துகளின் கால் மட்டும் விளிம்புக்கு வெளியே ஓடிப் பாதியில் நின்றுபோயிருக்கிறது. வில்லை சின்னது, அச்சு பெரியது, அதனால்தான். முலாம்காரன் யாரும் அதைப் பண்ண முடியாது என்று சொன்னேன். “நீங்க அக்காதானே?” என்றார் மாஜிஸ்ட்ரேட். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

இனி ஒரே வழிதான் இருக்கிறது. காசை நடுவில் வெட்ட வேண்டும். முலாம் என்றால் உள்ளே வெள்ளை தெரியும், இல்லை என்றால் ஓரம் வரைக்கும் மஞ்சள். ஏழே கால் என்று கேட்டதிலிருந்து அந்த இன்ஜினியர் ‘ஐயோ வெட்டாதீங்க, எனக்கே திருப்பிக் குடுங்க’ என்று கோர்ட் வாசலில் எல்லோர் கையையும் பிடிக்கிறார். இது இப்போது போலீஸ் கேஸ், அவர் நினைத்தாலும் வாபஸ் வாங்க முடியாது. குற்றத்தை ஒத்துக்கொண்டவனே ‘வெட்டிப் பாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடுவார். பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடு.

நான் உன்னை நம்புகிறேன்டா. டீ டப்பா, டீக்கடைக்காரர், எல்லாவற்றையும் நம்புகிறேன்.

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

பேப்பர் வந்தது. நாலு நாளாகக் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தக் காசு டப்பாவில் கிடைத்தது, அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. எங்கள் பட்டறையில் சோடாபுட்டி என்று ஒருவன் இருந்தான். கையில் கிடைத்ததை எல்லாம் தொட்டியில் முக்குவான். ஊக்கு, ஸ்பூன், தன் பைக் சாவி, எதையும் விடமாட்டான். விளையாட்டுக்கு ஒரு காசை ஆசிட்டிலும் மஞ்சள் தொட்டியிலும் முக்கி டப்பாவில் போட்டிருந்தால்? வெளியே இருந்தவரைக்கும் இந்த நினைப்பு எனக்கு வந்ததே இல்லை. இங்கே ராத்திரி பகல் தெரியாமல் படுத்துக் கிடக்கும்போது வந்தது. வந்தபிறகு போகமாட்டேன் என்கிறது. அது அசல்தான் என்று சொன்னபோது நான் உண்மை சொன்னேனா, எனக்குப் பிடித்ததைச் சொன்னேனா? எல்லோரும் சேர்ந்து என்னைப் புளுகன் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது அக்கா. வெட்டி, உள்ளே வெள்ளையாக இருந்தால் மாமா மறுபடியும் உள்ளே வருவாரா? அதைத்தான் நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருக்கிறேன்.

என்னை நம்புவதாக எழுதியிருக்கிறாய். எடை போட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகு எழுதியிருக்கிறாய். மாமா எதையும் பார்க்காமல் நம்பினார், அதனால்தான் உள்ளே போனார். யார் செய்தது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இரண்டும் ஒன்று இல்லை, அது மட்டும் தெரிகிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்காகப் போடவில்லை. அந்தக் காசைத் துணியில் முடிந்து கொடுத்த அன்று மாமாவின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டு போட்டேன்.

தம்பி


ஏப்ரல் 27

தம்பி,

வக்கீலிடம் நீ விஷயத்தைக் கேட்டிருப்பாய். இருந்தாலும் நானும் சொல்ல வேண்டும்.

கோர்ட் பின்னால் இருக்கிற ரிக்கார்டு ரூமில் வைத்து வெட்டினார்கள். நகை வேலை செய்கிற ஒருவர் ஒரு சின்ன ரம்பத்தோடு வந்திருந்தார். காசைப் பிடிக்கிற இடுக்கியில் பல் பதியக் கூடாது என்று தோல் துண்டு ஒன்றைச் சுற்றினார். வெட்டப் போகிற பொருளுக்கு என்ன மரியாதை வேண்டியிருக்கிறது, ஆனாலும் சுற்றினார். ரம்பம் ஓடின சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. இன்ஜினியர் வெளியே போய்விட்டார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இப்படி ஒரு காசைத் தேடித்தானே இத்தனை வருஷம் கண் நோகச் சில்லறையைக் கிளறினார். நான் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றேன். மஞ்சள் தூளாகக் கொட்டியது. பாதி போன பிறகும் மஞ்சள்தான் கொட்டியது. எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது. இருந்தாலும் முழுசாக வெட்டட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டு துண்டும் மேஜையில் விழுந்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் மஞ்சள்டா தம்பி. ஒரு நூல் அளவு வெள்ளை கிடையாது. மதிப்பீட்டாளரே குனிந்து பார்த்துவிட்டு, “ஒரே உலோகம்தான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சோடாபுட்டி அதை முக்கவில்லை. நீயும் முக்கவில்லை.

குற்றமே நடக்கவில்லை என்றால் குற்றவாளி எங்கே இருந்து வருவான் என்று வக்கீல் கேட்டார். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு உன்னைக் கண்டித்து விட்டுவிடுவதாக உத்தரவு ஆகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வெளியே விடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா முதல் தடவையாக என்னிடம் பேசினார். “நான் வெட்டச் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார். காசு போனதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து, வேறு வழி என்ன இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது, அவர் சொன்னது காசைப் பற்றி இல்லை, உன்னைப் பற்றி.

வெள்ளிக்கிழமை வாசலில் நிற்பேன். உன் நீலச் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். வந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை நீ பெரிய கேட்டுக்கு முன்னால் நின்றாய். விடுதலை ஆகிறவர்களைப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கதவு வழியாகத்தான் விடுவார்கள். அது உனக்குத் தெரியாது. நான் வெளியே வந்து எதிர்ப்பக்கம் இருந்த ரொட்டிக்கடை ஓரத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு தடவை கேட் திறக்கும்போதும் நீ நீலச் சட்டை இருந்த பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாய். ரொம்ப இளைத்துப் போயிருக்கிறாய்.

உன் பக்கத்தில் நின்ற மாமா என்னைப் பார்த்துவிட்டார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அதற்காக அவரோடு சண்டை போடாதே, நான் கேட்டுக்கொண்டதைத்தான் செய்தார்.

வந்திருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தால் ‘பரவாயில்லைக்கா’ என்று சொல்லிவிடுவேன். அது பொய். எனக்கு இனிமேல் உன்னிடம் பொய் சொல்ல ஆசையில்லை. பரவாயில்லை என்று நிஜமாகவே தோன்ற இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

பழைய கம்பெனியில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். கையுறை வாங்கிவிட்டேன்.

நான் எந்தக் கடிதத்திலும் முகவரி எழுதியதில்லை என்று டிரைவரிடம் சொல்லி அழுதாயாம். இந்தக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தெரு, கதவு நம்பர், மாடி, எல்லாம் இருக்கிறது. சரியான முகவரிதானா என்று டிரைவரிடம் கேட்காதே. அந்தத் தெரு இருக்கிறதா என்று யாரிடமும் விசாரிக்காதே. கேட்காமல் பஸ் ஏற முடியும் என்று உனக்கு என்றைக்குத் தோன்றுகிறதோ, அன்றைக்கு வா.

தம்பி